கல்கத்தாவின் காலராவும் ஒரு விஞ்ஞானியின் மேற்கோள் சரித்திரமும்

1959-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி, சனிக்கிழமையன்று, லண்டனிலிருந்து வெளிவந்த ‘நேச்சர்’ பத்திரிகையின் 1533-ஆம் பக்கத்திலும் அதற்கடுத்த பக்கத்திலுமாக, கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோயியல், கிருமியியல் துறையைச் சேர்ந்த ஒருவர் தம் பெயரை மட்டும் இட்டு எழுதிய சிறு கட்டுரையொன்று பிரசுரமாயிற்று. காலராக் கிருமியை வளர்த்த திரவத்திலிருந்து கிருமிகள் யாவற்றையும் வடிகட்டி நீக்கிவிட்ட பின்னும், எஞ்சி நிற்கும் தெளிந்த வடிநீர் ஒன்றே முயலின் குடலில் காலராவின் பிரதான லட்சணத்தை உண்டாக்கிவிடுகிறது என்பது அக்கட்டுரையின் சாரம். எழுதியவர் சம்புநாத் டே. இன்று வைத்தியக் கல்லூரி மாணவன் ஒருவன் கேட்ட மாத்திரத்தில் ஒப்பித்துவிடக்கூடிய செய்திதான் இது. ஆயினும் ராபர்ட் கோக் அந்த விஷத்தை ஊகித்த நாள் முதல் அதை ஒருவர் பரிசோதனையில் மெய்ப்பித்துக் காட்டிய நாள் வரையில் எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன என்பதும், மெய்ப்பித்தவரின் கட்டுரையை உலகம் திரும்பிப் பார்ப்பதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின என்பதும், அவருடைய சொந்த நாடு திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் காலமாகிவிட்டார் என்பதும் அந்த மாணவனுக்கு யாரும் சொல்லாத செய்திகள். ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாண்டார்கள் என்று எண்ணி, அந்த எண்ணைக் கொண்டே எழுதியவரின் தகுதியை நிர்ணயிக்கும் வழக்கம் ஆழ வேரூன்றிவிட்ட இக்காலத்தில், டேயின் பிரசுரங்களுக்கு நேர்ந்த கதியை ஆதியோடந்தமாகத் தெரிந்துகொள்வது அவசியமென்று கருதியே இதை எழுதுகிறேன்.

காலராவுக்கும் வங்காளத்துக்கும் உள்ள சம்பந்தம் பழையது. கங்கையின் கழிமுகப் பிரதேசத்திலிருந்து 1817-ஆம் ஆண்டில் புறப்பட்ட அந்நோய், பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் அலையலையாகக் கிளம்பி ஆசியாவையும் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சூறையாடியது. அரிசி கழுநீர் போன்ற வெளிறிய நீர் நோயாளியின் குடலிலிருந்து படிக்கணக்கில் வெளியேற, சில மணி நேரத்துக்குள்ளேயே கண்கள் குழிவிழுந்து, தோல் சுருங்கி, நாடி ஒடுங்கி, காலையில் நடமாடிய மனிதர் மாலையில் பிணமாகக் கிடக்கும் கோரத்தை நம் ஊர்களும் ‘வாந்திபேதி’ என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகக் கண்டவையே. இரத்தத்தில் நீரும் உப்பும் குறைந்துவிடுவதே மரணத்துக்குக் காரணமென்பதை, பிற்காலத்தில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த வில்லியம் ஓஷாக்னஸி, இளைஞராக இங்கிலாந்தில் இருந்தபோதே 1831-இல் கண்டு சொன்னார். அதையே ஆதாரமாகக் கொண்டு மறு ஆண்டில் தாமஸ் லாட்டா என்ற வைத்தியர் நோயாளிகளின் நாளங்களில் உப்புநீரைச் செலுத்திப் பார்த்தார். அக்காலத்து வைத்திய உலகம் இருவரையும் பொருட்படுத்தவில்லை. அந்தச் சிகிச்சையை லெனார்டு ராஜர்ஸ் கல்கத்தாவில் மீண்டும் நிலைநாட்டியது இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகுதான்.

நீர் போவது தெரிந்தது. ஏன் போகிறது என்பது தெரியவில்லை. 1883-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மன் தூதுக்குழுவோடு கல்கத்தா வந்து சேர்ந்த கோக், காலராவில் மாண்டவர்களின் குடலிலும் ஊர்க் குளத்து நீரிலும் வளைந்த வடிவுடைய கிருமியைக் கண்டெடுத்து, 1884-இல் அதுவே நோய்க்குக் காரணமென்று அறிவித்தார். கிருமி குடலைத் தாண்டி உடலுக்குள் பரவாமலிருந்தும் உயிர் போவதைக் கண்டு, அது ஏதோவொரு விஷத்தைச் சுரக்க வேண்டுமென்றும் அவர் ஊகித்தார். ஆனால் எந்தப் பிராணிக்குக் கொடுத்துப் பார்த்தாலும் மனிதனுக்கு வருவதுபோன்ற காலரா வரவில்லை. கோக்கின் சீடரான ரிச்சர்டு ஃபைஃபர், கிருமியின் உடலுக்குள்ளேயே பூட்டிக் கிடந்து அது சாகும்போது மட்டும் வெளிப்படும் விஷமொன்றை 1892-இல் விவரித்தபோது, தேடிய பொருள் கிடைத்துவிட்டதாக ஆராய்ச்சியாளர் பலரும் எண்ணிக்கொண்டார்கள். அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக, இறந்த கிருமிகளைப் பிழிந்தெடுத்த சாரத்தைப் பிராணிகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் செலுத்துவதே காலரா ஆராய்ச்சியின் சம்பிரதாயமாக இருந்து வந்தது. பிராணிகள் இறந்தன என்பது மெய், காலராவால் இறக்கவில்லை. ஒரு பெரிய ஆசிரியரின் பெயர் எவ்வளவு காலம் ஒரு துறையைத் தவறான பாதையிலே நடத்திச் செல்ல முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் அறியேன்.

சம்புநாத் டே 1915-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் தேதியன்று ஹூக்ளி மாவட்டத்துக் கிராமமொன்றில், வசதி குறைந்த குடும்பத்தில் பிறந்தவர். உபகாரச் சம்பளத்தின் துணைகொண்டு படித்து, 1939-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, யுத்தம் முடிந்த பின் லண்டனுக்குச் சென்று, யூனிவர்சிட்டி கல்லூரி மருத்துவமனைப் பள்ளியில் ராய் கேமரன் என்ற புகழ்பெற்ற நோயியல் பேராசிரியரிடம் பயின்று, 1949-இல் டாக்டர் பட்டத்தோடு திரும்பினார். அங்கே அவர் ஆராய்ந்தது காலராவை அன்று. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நோயை. ரத்தக் குழாய்க்குள் இருக்க வேண்டிய நீர் எவ்வாறு இருக்கக்கூடாத இடத்தில் வந்து சேர்கிறது என்ற கேள்வியை லண்டனில் இரண்டாண்டுகள் நெஞ்சிலே வைத்துப் புழங்கிய ஒருவர், கல்கத்தாவுக்குத் திரும்பியதும், கழுநீர் போன்ற நீர் குடலுக்குள் பெருகும் நோயைத் தம் ஆஸ்பத்திரி வார்டுகளிலேயே நாள்தோறும் கண்டார். அந்தப் பயிற்சியும் இந்தக் காட்சியும் ஒரே மனிதரிடம் சந்தித்ததே பின்னர் விளைந்த யாவற்றுக்கும் மூலமென்பது என் அபிப்பிராயம்.

1953-இல் அவரும் அவர் சகா சாட்டர்ஜியும் சேர்ந்து இங்கிலாந்தின் நோயியல், கிருமியியல் பத்திரிகையில் வெளியிட்ட கட்டுரையின் பரிசோதனையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வளர்ந்த முயலுக்கு வாய்வழியாகக் காலராக் கிருமியைப் புகட்டினால் ஒன்றும் நேர்வதில்லை. இரைப்பையின் அமிலத்தைத் தப்பி வந்தவற்றையும் குடலின் அசைவு அடித்துக்கொண்டு போய்விடும். அப்படியானால் கிருமியைக் குடலிலேயே ஓரிடத்தில் தங்கவைக்க வேண்டும். முயலை மயக்கத்தில் ஆழ்த்தி, வயிற்றைக் கீறி, சிறுகுடலில் சாண் அளவுக்கும் குறைந்த துண்டொன்றை அதன் ரத்தக் குழாய்கள் அறுபடாதபடி இரு முனைகளிலும் நூலால் கட்டி, கட்டிய அந்த அறைக்குள் கிருமி வளர்ந்த திரவத்தை ஊசியால் செலுத்தி, வயிற்றைத் தைத்து மூடிவிட்டார்கள். மறுநாள் திறந்து பார்த்தபோது, வெறும் பெப்டோன் நீர் மட்டும் செலுத்தப்பட்ட துண்டு தட்டையாகவே கிடக்க, கிருமி செலுத்தப்பட்ட துண்டு உப்பிப் பருத்து, கழுநீர் போன்ற திரவத்தால் நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்தது. கோக்கின் காலம் முதல் உலகத்துப் பெரிய ஆய்வுக்கூடங்கள் தேடிய காலரா, ஒரு கத்தியும் ஓர் ஊசியும் கொஞ்சம் நூலும் மட்டுமே மூலதனமாகக் கொண்ட ஓர் ஆய்வில் ஒரு சாதாரண முயலின் வயிற்றில் அகப்பட்டது.

இதில் நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். 1915-ஆம் ஆண்டிலேயே வியோல், கிரெண்டிரோபூலோ என்ற இருவர் முயலின் குடலைக் கட்டி இதுபோன்றதொரு பரிசோதனையைச் செய்து, பாரிஸில் ஒரு சிறு குறிப்பாக வெளியிட்டிருந்தார்கள். யாரும் அதைத் தொடரவில்லை. யாரும் அதைச் சுட்டவில்லை. எனவே அது நடவாததற்குச் சமானமாகிவிட்டது. ஒரு கண்டுபிடிப்பு அச்சேறிவிட்டால் மட்டும் போதாது, அடுத்து வருபவன் அதைச் சுட்டி மேலே நடந்தாலொழிய அது விஞ்ஞானத்தின் உடைமை ஆவதில்லை என்பதற்கு, அந்தக் குறிப்பு முப்பத்தெட்டு ஆண்டுகள் கிடந்த கிடையே சாட்சி.

1956-இல் டேயும் அவர் சகாக்களும் இதே முறையைக் கொண்டு, பேதி நோயாளிகளிடமிருந்து எடுத்த ‘கோலி’ என்னும் குடற்கிருமியின் சில இனங்களும் முயற்குடலை அவ்வாறே உப்பச் செய்கின்றன என்று காட்டினார்கள். குழந்தைகளையும் யாத்திரிகர்களையும் வாட்டும் பேதிகளில் ஒரு பெரும்பகுதிக்குக் காரணமான அக்கிருமிகளின் விஷத்தைப் பிறர் தெளிவாக இனங்கண்டதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முந்திய கட்டுரை அது. பிறகு வந்ததுதான் 1959-ஆம் ஆண்டின் இரண்டு பக்கம். முன்னோர் விஷத்தைத் தேடியது இறந்த கிருமியின் உடலில். டே தேடியது உயிருள்ள கிருமி வளர்ந்த திரவத்தில். முன்னோர் அதைச் செலுத்தியது ரத்தத்தில். டே செலுத்தியது, நோய் எங்கே நிகழ்கிறதோ அந்தக் குடலில். இந்த இரண்டு மாற்றங்களும் எழுதிக் காட்டும்போது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஃபைஃபரின் சித்தாந்தம் முழுவதையும் காலராவைப் பொறுத்தவரையில் தகர்ப்பதற்கு அவையே போதுமானவையாக இருந்தன. அதே ஆண்டில் பம்பாயில் ஹாஃப்கின் ஸ்தாபனத்தைச் சேர்ந்த என். கே. தத்தாவும் அவர் சகாக்களும், பால் மறவாத முயற்குட்டிகளைக் கொண்டு இதற்கிணையான முடிவை வேறொரு வழியில் எட்டினார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்வதே முறை.

இவ்வளவு பெரிய செய்தி வெளிவந்த பின்பு என்ன நடந்தது? முதல் சில ஆண்டுகள் அநேகமாக ஒன்றும் நடக்கவில்லை. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் காலரா அப்போது பாட்டனார் காலத்துக் கதை. தென்னாசியாவில் மட்டுமே எஞ்சியிருப்பதாகக் கருதப்பட்ட ஒரு நோயைப் பற்றிக் கல்கத்தாவிலிருந்து ஒருவர் எழுதியதை ஆவலோடு எடுத்துப் படிப்பார் அங்கே அதிகம் பேர் இல்லை. இங்கோ, படித்தவர்களுக்கும் அது இன்னதென்று உறைக்கவில்லை. விஷத்தைச் சுத்திகரித்துப் பிரித்தெடுப்பதே அடுத்த படி. அதற்கு வேண்டிய நவீன சாதனங்கள் டேக்குக் கிட்டவில்லை. 1961-இல் செலிபீஸ் தீவிலிருந்து ‘எல் டார்’ என்ற வகைக் காலரா கிளம்பி ஏழாவது உலகத் தொற்றாகப் பரவத் தொடங்கியபோதுதான் மேல்நாட்டு ஆய்வுக்கூடங்களின் கவனமும் பணமும் காலராவின் பக்கம் திரும்பின. திரும்பியவர்கள் கையில் எடுத்த முதற்கருவிகளில் ஒன்று டேயின் முயற்குடல். அமெரிக்காவில் ரிச்சர்டு ஃபிங்கெல்ஸ்டைனும் லோஸ்பலூட்டோவும் 1969-இல் அந்த விஷத்தைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகு அது உயிரணுவின் மேற்பரப்பில் எங்கே ஒட்டுகிறது, உள்ளே சென்று எந்த ரசாயன வினையை முடுக்கி நீரை வெளியேற்றுகிறது என்பனவெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியாகி, காலரா விஷம் உயிரணுவியலிலேயே ஒரு முக்கியமான ஆராய்ச்சிக் கருவியாக உயர்ந்தது.

இனி, மேற்கோளை எண்ணும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முன்னோர் சொன்னதைச் சுட்டிவிட்டுத் தன் சொல்லைச் சொல்வது அறிவுலகின் பழைய மரியாதை. நம் உரையாசிரியர்கள் அதை எவ்வளவு சிரத்தையோடு காத்தார்களென்றால், வளையாபதி போன்ற காப்பியங்கள் ஏடாக அழிந்தும் மேற்கோளாக எஞ்சி நிற்கின்றன. சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கப் புகுந்த சாமிநாதையரை, நச்சினார்க்கினியர் உரையில் நூற்பெயரின்றிக் கிடந்த மேற்கோள்களின் மூலத்தைத் தேடும் தேட்டமே சங்க நூல்களிடம் அழைத்துச் சென்றது. ஆனால் மேற்கோள் எப்போதும் வாசகனைப் பின்னோக்கியே நடத்துகிறது: உரையிலிருந்து மூலத்துக்குப் போகலாம், மூலத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதைப் பின்னால் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று அறிய வழியில்லை. அந்த வழியை முதலில் திறந்தவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், வழக்கறிஞர்களுக்குப் புத்தகம் விற்றவர்கள். அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்து ஃபிராங்க் ஷெப்பர்டு 1873-இல், ஒவ்வொரு பழைய தீர்ப்பையும் பின்வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் ஏற்றன, எவை மறுத்தன என்று திரட்டி, பசை தடவிய சிறு சீட்டுகளாக அச்சிட்டு, சட்டப் புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும்படி விற்பனை செய்தார். ஒரு தீர்ப்பு இன்னும் உயிரோடிருக்கிறதா என்று அறியாமல் நீதிமன்றத்தில் அதைக் காட்ட முடியாதல்லவா!

எண்ணும் பழக்கமும் நூல்நிலையத்தில்தான் பிறந்தது. 1927-இல் கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த கிராஸ் என்ற பெயருடைய இருவர், அமெரிக்க ரசாயனச் சங்கத்தின் பத்திரிகையில் ஓராண்டுக் கட்டுரைகள் சுட்டியிருந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட மேற்கோள்களைப் பத்திரிகை வாரியாக எண்ணினார்கள். சிறிய கல்லூரியொன்று தன் சொற்பப் பணத்தில் எந்தப் பத்திரிகைகளை வாங்குவது என்று தீர்மானிப்பதே அவர்களுடைய நோக்கம். நூல்நிலைய நடைமுறைகளைக் கணிதத்தால் அளக்கும் ஒரு சாஸ்திரம் வேண்டுமென்று 1948-இல் இங்கிலாந்தில் நடந்த மாநாடொன்றில் வற்புறுத்தி, ‘லைப்ரமெட்ரி’ என்று அதற்குப் பெயரும் சூட்டியவர், சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூல்நிலையத்தை உருவாக்கிய எஸ். ஆர். ரங்கநாதன் என்பது தமிழர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய விஷயம். இவர்களில் எவரும் மனிதரை எடைபோட நினைக்கவில்லை.

விஞ்ஞானத்துக்கு ஒரு ஷெப்பர்டு அட்டவணை வேண்டுமென்ற எண்ணத்தைச் செயலாக்கியவர் யூஜீன் கார்ஃபீல்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வைத்திய நூல்நிலையத்தில், பெருகிக்கொண்டே போகும் வைத்தியக் கட்டுரைகளுக்கு யந்திரத்தின் துணையோடு அட்டவணை தயாரிக்கும் திட்டமொன்றில் வேலை பார்த்த இளைஞர் அவர். ஷெப்பர்டு கம்பெனியிலிருந்து ஓய்வுபெற்ற வில்லியம் அடேர் என்பவர் 1953-இல் எழுதிய கடிதத்தின் மூலம் அந்தப் பழைய முறையைத் தெரிந்துகொண்டு, 1955-இல் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் தம் யோசனையை வெளியிட்டார். தவறென்று நிரூபிக்கப்பட்டதையும் காலாவதியானதையும் ஆராயாமல் எடுத்தாளும் கேட்டைத் தடுப்பதும், ஒரு கருத்து எங்கெங்கே கிளைத்துப் போயிற்று என்று தேடுவதும் அவர் சொன்ன பிரயோஜனங்கள். உதாரணத்துக்காக, உடலின் அழுத்தநிலை பற்றி ஹான்ஸ் செல்யே எழுதிய 1946-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றை எடுத்து, அதைச் சுட்டிய கட்டுரைகளை வரிசைப்படுத்திக் காட்டினார். ஆக, இந்த முறையில் முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்ட கட்டுரையும் உயிர்மருத்துவக் கட்டுரையே. பிலடெல்பியாவில் அவர் நிறுவிய ஸ்தாபனம், 1961-ஆம் ஆண்டில் வந்த 613 பத்திரிகைகளை அலசி, சுமார் 14 லட்சம் மேற்கோள்களை ஐந்து தொகுதிகளில் அடக்கி, விஞ்ஞான மேற்கோள் அட்டவணையின் முதற்பதிப்பை வெளியிட்டது. நோபல் பரிசு பெற்ற உயிரியல் மேதை ஜோஷுவா லெடர்பெர்க் அந்த முயற்சிக்கு ஆரம்பம் முதல் உறுதுணையாக நின்றார்.

அட்டவணை வந்ததும், யாருடைய பெயருக்கு நேரே எத்தனை வரிகள் இருக்கின்றன என்று பார்க்கும் ஆசையும் உடன் வந்தது. 1975 முதல் பத்திரிகைகளுக்கு ‘தாக்கக் காரணி’ என்னும் ஆண்டுக் கணக்குத் தொடர்ந்து வெளியாகத் தொடங்கியது. முந்திய இரண்டே ஆண்டுகளின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை சுட்டப்பட்டன என்பதே அந்த எண். 2005-இல் ஹிர்ஷ் என்ற பௌதிக விஞ்ஞானி ஆளுக்கே ஓர் எண் கொடுத்தார்: ஒருவருடைய கட்டுரைகளில் குறைந்தது இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது இருபது முறை சுட்டப்பட்டிருந்தால் அவர் எண் இருபது. 2010-இல் நம் நாட்டுப் பல்கலைக்கழக மானியக் குழு, ஆசிரியர்களின் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் பிரசுரங்களைப் புள்ளிகளாக்கி எண்ணும் விதியை ஏற்படுத்தியது. நூல்நிலையக்காரரின் கருவி நியமனக் குழுவின் மேஜைக்கு வந்து சேர்ந்த வரலாறு இவ்வளவே.

அந்தக் கருவிகளால் டேயை அளந்து பார்த்தால் என்ன ஆகும்? இரண்டாண்டுக் கணக்கின்படி, 1959-ஆம் ஆண்டின் கட்டுரைக்கு மதிப்புண்டா இல்லையா என்பதை 1960-ம் 1961-ம் தீர்மானித்திருக்கும். எல் டார் வகைக் காலரா பரவத் தொடங்கியதே 1961-இல். ஹிர்ஷின் எண்ணோ, மூன்று கட்டுரைகளால் ஒரு துறையையே புரட்டிவிட்டு ஏனையவற்றில் சாதாரணச் செய்திகளைச் சொன்னவருக்கு மூன்றுக்கு மேல் அதிகம் தராது. இதைவிட நுட்பமான குறை இன்னொன்று உண்டு. டேயின் பிரசுரங்களில் 1953-ஆம் ஆண்டின் கட்டுரை ஒரு முறையைக் கற்பிப்பது. 1959-ஆம் ஆண்டின் கட்டுரை ஓர் உண்மையை நிலைநாட்டுவது. முறையைப் பயன்படுத்துகிறவன் ஒவ்வொரு தடவையும் அதைக் கற்பித்தவரைச் சுட்டியாக வேண்டும். உண்மையோ, ஒப்புக்கொள்ளப்பட்டவுடன் பாடப்புத்தகத்துக்குள் புகுந்து பொதுச்சொத்தாகிவிடுகிறது. பூமி சுற்றுகிறது என்று எழுதுகிறவன் கோபர்னிகஸைச் சுட்டுவதில்லை. சமூகவியல் அறிஞர் ராபர்ட் மெர்ட்டன் இந்த விதியை நன்றாக எடுத்துக்காட்டியிருக்கிறார். உலகத்திலேயே மிக அதிகமாகச் சுட்டப்பட்ட விஞ்ஞானக் கட்டுரை, செயிண்ட் லூயிஸ் நகரத்து ஆலிவர் லௌரியும் சகாக்களும் 1951-இல் புரதத்தை அளக்கும் முறையொன்றை விவரித்து எழுதியது. அதன் கணக்கு 3 லட்சத்தைக் கடந்துவிட்டது. அது தம்முடைய சிறந்த படைப்பென்று லௌரியே கருதியதில்லை. ‘நேச்சர்’ பத்திரிகை 2014-இல் அதிகமாகச் சுட்டப்பட்ட நூறு கட்டுரைகளை ஆராய்ந்தபோதும் மிகப் பெரும்பாலானவை முறைகளைப் பற்றியனவாகவே இருந்தன. நோபல் பரிசு பெற்றுத் தந்த பல கண்டுபிடிப்புகளுக்கு அந்த நூறில் இடமில்லை. ஆகவே காலரா விஷத்தைப் பற்றிய ஆயிரக்கணக்கான கட்டுரைகள் டேயைச் சுட்டாமல் விட்டிருப்பது அவருடைய தோல்விக்கு அடையாளமன்று. வெற்றியின் பரப்பே அங்கே கணக்குக்கு அகப்படாமல் போய்விடுகிறது.

1973-இல் டே கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1978-இல் காலராவைப் பற்றி ஸ்டாக்ஹோமில் கூடிய நோபல் ஆராய்ச்சி மகாநாட்டுக்கு அவருக்கு அழைப்பு வந்தது. அங்கே அவர், 1960-களின் தொடக்கத்திலேயே தாம் செத்துப்போனதாகவும், மகாநாட்டார் தம்மைத் தோண்டி எடுத்து மீண்டும் உயிர்பெறச் செய்ததாகவும் சொன்னார். நோபல் பரிசுக்கு அவரைப் பரிந்துரைத்தவர் லெடர்பெர்க், பரிசு வரவில்லை. இந்தியாவின் விஞ்ஞான அகாதமிகளில் ஒன்றுகூட அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரிய விருது எதுவும் இந்நாட்டில் அவருக்கு அளிக்கப்படவில்லை. 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி அவர் காலமானார்.

அவர் மறைந்து ஓராண்டு நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கையில், 1986 ஏப்ரலில், கார்ஃபீல்டு தம் வாரப் பத்திரிகையில் காலரா ஆராய்ச்சியின் வரைபடத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அதன் தலைப்பிலேயே கல்கத்தாவின் சம்புநாத் டேயின் பெயரைப் பொறித்தார். எந்தெந்தக் கட்டுரைகள் சேர்ந்தே சுட்டப்படுகின்றன என்று அட்டவணையின் துணைகொண்டு ஆண்டுதோறும் வரைந்து பார்த்து, பிந்திய ஆராய்ச்சிகள் எல்லாம் எந்த வேரிலிருந்து கிளைத்தன என்பதை அவர் விளக்கினார்; முதலில் கவனிப்பாரற்றுக் கிடந்த 1959-ஆம் ஆண்டுக் கட்டுரை காலரா சரித்திரத்தின் மைல்கல் என்றும் குறித்தார். 1990-இல் பெங்களூரிலிருந்து வரும் ‘கரண்ட் சயன்ஸ்’ டேக்காகவே சிறப்பிதழொன்றை வெளியிட்டு, அவரை நம் அகாதமிகள் புறக்கணித்ததை வெளிப்படையாகக் கண்டித்தது. மேற்கோள் அட்டவணையை நான் பழிக்காததற்குக் காரணம் இதுதான். யாரை அது எண்ணிக்கையில் குறைத்துக் காட்டியிருக்குமோ அவரையே, படித்துப் பார்க்கும் பொறுமையுள்ள ஒருவர் கையில், அது மீட்டும் கொடுத்தது. தேடுவதற்காகப் பிறந்த கருவி தேடுகிறவனுக்கு இன்னும் விசுவாசமாகவே உழைக்கிறது. தீர்ப்பெழுதும் சோம்பேறித்தனத்துக்கு அதைக் காரணம் காட்டுவதுதான் பிழை. பத்திரிகையின் எண்ணைக் கொண்டு ஆளை அளக்கலாகாதென்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகள் விடுத்த பிரகடனத்தில் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.

நம் வைத்தியக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் தேர்வுக் குழுக்களில் அமரும் பெரியோர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். எதிரே வந்து நிற்கும் ஆராய்ச்சியாளர் தம்முடைய கட்டுரைகளில் சிறந்ததென்று எதைக் கருதுகிறாரோ, அந்த ஒன்றையாவது முதலிலிருந்து கடைசி வரை வாசித்துவிட்டுப் பிறகு எண்களைப் பாருங்கள். காலராவைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், கிருமியைக் கண்ட கோக்கின் பெயரைச் சொல்லும் அதே மூச்சில், விஷத்தைக் காட்டிய டேயின் பெயரையும் சொல்லிவைக்க வேண்டும். அவருடைய அந்த இரண்டு பக்கங்களையும் மாணவர்கள் கையில் கொடுத்து வாசிக்கச் செய்ய வேண்டும். அரைமணி நேரத்துக்கு மேல் ஆகாது.